கப்பல் சாமான் வியாபாரி வாம்போ

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து ஸலாம் சொல்லி ஒரு யோசனை கேட்டார். படகுகளுக்கு வேண்டிய கயிறு, நங்கூரம், சங்கிலி, கப்பி, வர்ணம், லைஃப் ஜாக்கெட் முதலிய சாமான்களை விற்கும் சிறு கடை ஒன்று வைக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். சேர்த்து வைத்த முதல் கொஞ்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டார். நான் மளிகைக் கடைக்காரன். படகைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் இந்தத் தொழிலையே இந்த ஊரில் நடத்திப் பெரும்பெயர் எடுத்த ஒருவரின் சரித்திரத்தை நான் படித்திருந்தேன். அதை அன்று நின்றபடியே அவரிடம் சொன்னேன். அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேக்காவிலிருந்து சிராங்கூன் ரோட்டில் நேரே போகிறவர்கள் வாம்போ என்ற பெயரை அடிக்கடி கேட்டிருப்பார்கள். வாம்போ மார்க்கெட் இருக்கிறது, வாம்போ ஆறு ஓடுகிறது. அது ஒரு மனிதரை வைத்து வந்த பெயரென்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால் அந்த மனிதரின் பெயருமல்ல அது. அவர் ஊரின் பெயர். சீனாவில் காண்டன் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் உள்ள துறை வாம்போ. அயல்நாட்டுக் கப்பல்கள் காண்டனுக்குப் போகும் வழியில் அங்கேதான் நங்கூரமிடும். ஏறத்தாழ 1816-ஆம் ஆண்டில் அங்கே பிறந்த ஹூ ஆ கே என்பவரை வெள்ளைக்காரர்களும் மற்றவர்களும் வாம்போ என்றே அழைத்தார்கள். கீழக்கரையார், காயல்பட்டணத்தார், கூத்தாநல்லூரார் என்று நம்மவர்களை ஊர் சொல்லி அழைப்பதில்லையா, அதுபோலத்தான். அப்படி அழைக்கப்படுகிறவன் ஒரு பொய் எடை போட்டால் கெடுவது அவன் பெயர் மட்டுமல்லவே.

1830-இல், பதினைந்து வயதளவில், அவர் சிங்கப்பூருக்கு வந்தார். தகப்பனார் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருந்தார். மகன் அதில் உதவிக்கு வந்தவர். இதை அந்த வாலிபரிடம் மறைக்காமல் சொன்னேன். ஏனென்றால் வெறுங்கையோடு வந்து கோடீசுவரரான கதையல்ல இது. கடை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, கற்றுக்கொடுக்கத் தகப்பனார் இருந்தார்.

தெலுக் ஆயர் ஸ்திரீட் என்றவுடன் நமக்கு நினைவு வருவது எது? அந்தத் தெருவிலேதான் நம் முன்னோர்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா ஷரீபின் ஞாபகமாக ஒரு தர்காவைக் கட்டினார்கள். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அதே தெருவில் 1827-இல் ஓலைக்குடிசையாகத் தொடங்கி, குச்சுப் பள்ளி என்று பெயர் வாங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும் இருக்கிறது. இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. அந்நாளிலோ அலை தெருவோரம் வரை வந்து அடிக்கும். கடலைத் தூர்த்தது பின்னால், 1879-க்குப் பிறகு. ஆக, அந்தச் சீனப் பையன் கப்பலிலிருந்து இறங்கிக் கடைக்கு நடந்தபோது நம்மவர்களின் தர்கா கட்டுமான வேலை நடந்து கொண்டிருந்திருக்கும், அல்லது அப்போதுதான் முடிந்திருக்கும்.

இனி அந்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப் சாண்ட்லர் என்று இங்கிலீஷில் சொல்லும் கப்பல் சாமான் வியாபாரியின் கடை மற்றக் கடைகளைப் போன்றதல்ல. நம் கடைக்கு வாடிக்கைக்காரர் காலையில் வருவார், மாலையிலும் வருவார், உப்புக் குறைந்தால் திரும்பி வந்து சண்டை போடுவார். கப்பல்காரர் அப்படி அல்ல. இன்று வாங்குவார், நாளை பாய் விரித்துப் போய்விடுவார். மாட்டிறைச்சி கெட்டிருந்தாலும் ரொட்டியில் வண்டு இருந்தாலும் அவருக்குத் தெரியவருவது நடுக்கடலில்தான். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான வியாபாரம் கிடையாது. ஆனால் பாய்க்கப்பல் காற்றை நம்பி ஓடுவது. பருவக்காற்று திரும்பினால் அதே கப்பல் அதே துறைக்குத் திரும்பி வரும். வந்த மாலுமிகள் மற்றக் கப்பல் மாலுமிகளிடம் பேசுவார்கள். இங்கே கெட்டுப்போன பெயர் கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கப்பலுக்கு வேண்டியது என்ன? முதலில் தண்ணீர், பிறகு ரொட்டி, இறைச்சி, காய்கறி. பசுமையான காய் தின்னாத மாலுமிக்கு ஈறு வீங்கிப் பல் ஆடும் வியாதி வருமென்பது அன்றே தெரிந்திருந்தது. இவை போகக் கப்பலுக்கென்றே கயிறு, வடம், பாய்த்துணி, தார், கலப்பற்று அடைக்கப் பஞ்சு, ஆணி, விளக்கெண்ணெய், வர்ணம் எல்லாம் வேண்டும். அப்போது பெரிய கப்பல்கள் கரையோடு அணையமாட்டா. வெளித்துறையில் நங்கூரமிட்டு நிற்கும். வியாபாரி படகில் ஏறிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். முதலில் போனவனுக்கே ஆர்டர். பணமும் உடனே வராது. கப்பல்காரர் கையெழுத்திட்ட சீட்டைக் கப்பல் சொந்தக்காரருக்கு அனுப்பிப் பணம் வர மாதக் கணக்காகும். ஆகவே கையில் முதல் இல்லாதவனும் கடனைக் கணக்காக எழுதிவைக்காதவனும் இதில் நிற்கமாட்டான். அந்நாளில் கப்பல் கடையென்றால் மதுபானமும் விற்பார்கள். நம் மார்க்கத்தில் அது ஆகாது; கயிறும் நங்கூரமும் விற்பதில் அந்தத் தொல்லை இல்லையே என்று நம் வாலிபருக்குச் சொன்னேன்.

தகப்பனார் காலமான பிறகு ஸ்தாபனம் வாம்போவின் கைக்கு வந்தது. அவர் செய்த பெரிய காரியம், இங்கிலீஷ் பாஷையை ஆங்கிலேயரே மெச்சும்படி பேசக் கற்றுக்கொண்டதுதான் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் தரகரை வைத்துப் பேசியபோது அவர் காப்டனோடு நேருக்கு நேர் பேசினார். கேட்ட சாமான் எது, எந்த நாளைக்குள் வேண்டும் என்பதில் இடையில் யாரும் புகுந்து குழப்ப வழியில்லை. பிரிட்டிஷ் கடற்படைக்கு இறைச்சியும் ரொட்டியும் கொடுக்கும் பெரிய குத்தகை அவருடைய கம்பெனிக்கு வந்தது. கடற்படை அதிகாரிகள் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். பின்னாளில் அட்மிரலான ஹென்றி கெப்பல் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். கெப்பல் துறைமுகத்துக்குப் பெயர் வந்தது அவரால்தான்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வெளித்துறைக் கப்பலுக்கும் சிங்கப்பூர் ஆற்றுக் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கிய தொங்கான்களில் பெரும்பகுதி சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் தென்னாட்டு முஸ்லிம்களின் கையில் இருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் வாய் அவர்கள் ராஜ்ஜியம் என்றே சொல்லலாம். நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனர் கைக்குப் போய்விட்டது. துடுப்புப் பிடித்த நாம் படகுக்கு வேண்டிய சாமான் விற்கும் பெரிய கடைகளை ஏன் அப்போதே வைக்கவில்லையென்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மலிவான கூலிக்குப் படகோட்டுவது ஒரு பிழைப்பு. அந்தப் படகுக்குக் கயிறு விற்பது வேறொரு பிழைப்பு. முதலாவதில் வலிமை போதும். இரண்டாவதற்குப் பேரேடு எழுதத் தெரிய வேண்டும்.

வாம்போவின் வியாபாரம் வளர்ந்தது. போட் கீயில் கிட்டங்கி, ஹேவ்லாக் ரோட்டில் ரொட்டிக் கிடங்கு என்று விரிந்தது. தங்ளினில் அவருக்கு ஒரு பெரிய நிலம் இருந்தது. 1859-இல் அதை விவசாய தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்காகக் கொடுத்துவிட்டு, அதற்கு மாறாக போட் கீயில் நிலம் வாங்கிக்கொண்டார். அந்தத் தங்ளின் நிலத்தில் தொடங்கியதுதான் இன்று உலகம் போற்றும் பொட்டானிக் தோட்டம். காட்டு நிலத்தைக் கொடுத்து ஆற்றங்கரை நிலத்தை வாங்கியதில் வியாபாரியின் கண் தெரிகிறது. ஆனால் அவருக்குச் செடிகொடிகளில் மெய்யான ஆசையும் இருந்தது. சங்கத்தின் கமிட்டியிலும் இருந்து உழைத்தார்.

எல்லாம் வெற்றியென்று நினைக்க வேண்டாம். 1854-இல் கில்பர்ட் ஆங்கஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து அவர் ஐஸ் வியாபாரம் தொடங்கினார். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் குளங்களிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து இந்த வெயில் ஊரில் விற்பதென்பது திட்டம். ஆற்றோரத்தில் இதற்கென்றே ஐஸ் வீடு ஒன்று கட்டப்பட்டது. ஊரில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் ஆச்சரியப்படுகிறவர்கள் எல்லாரும் வாங்குகிறவர்கள் அல்லவே! அன்றைய சிங்கப்பூரில் ஐஸ் போட்டுக் குடிக்கும் வழக்கமுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்காரர்கள்தாம். விற்காத ஐஸ் நாளை விற்குமென்று வைத்திருக்கும் சரக்கா? தண்ணீராக ஓடிவிடும். சில ஆண்டுகளிலேயே நஷ்டத்தோடு அதை விட்டார்கள். கப்பலுக்கு எத்தனை ரொட்டி வேண்டுமென்று கணக்காக அறிந்த மனிதர், ஊருக்கு எவ்வளவு ஐஸ் வேண்டுமென்பதில் தவறினார். சாமான் கடையை மட்டும் அவர் அதற்காகப் பணயம் வைக்காததால் அடி விழுந்தும் நின்றார். இந்த இடத்தில் நம் வாலிபர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் தொகை முழுவதையும் சரக்கில் போட எண்ணியிருந்தார் என்று அப்புறம் தெரிந்தது.

சிராங்கூன் ரோட்டில் இரண்டரை மைலுக்கு அப்பால் வாம்போ ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்திருந்தார். குள்ள மரங்கள், மிருகங்களைப்போல் வெட்டி வளர்த்த செடிகள், பெரிய தாம்பாளம் போன்ற இலைகளையுடைய விக்டோரியா அல்லிகள் எல்லாம் அங்கே இருந்தன. சீனப் புத்தாண்டில் இன மத பேதமின்றி யாரும் போய்ப் பார்க்கலாம். நம்மவர்களும் பெண்டு பிள்ளைகளோடு போயிருப்பார்கள். அவர் காலத்துக்குப் பின் அது வேறொருவர் கைக்குப் போய்ப் பெண்டமியர் என்று பெயர் மாறியது. 1960-களில் மாளிகை இடிக்கப்பட்டது. இப்போது அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள்.

பதவிகளும் வந்தன. நீரிணைக் குடியேற்ற நாடுகள் 1867-இல் லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்த பிறகு, 1869-இல் சட்டசபையில் அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். அந்த ஸ்தானம் பெற்ற முதல் சீனர் அவரே. 1876-இல் இங்கிலாந்து ராணியிடமிருந்து சி.எம்.ஜி. பட்டம் கிடைத்தது. ருஷியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று தேசங்களுக்கும் ஒரே காலத்தில் சிங்கப்பூரில் கான்சலாக இருந்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று சர்க்கார்கள் ஒரே கடைக்காரரை நம்பியது வேடிக்கைதான். ஆனால் அவர்களுடைய கப்பல்களெல்லாம் வந்து போவதை ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவரல்லவா!

அவர் கடைசிக் காலத்தில் தொழில் மாறிக்கொண்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயண நாட்கள் வெகுவாகக் குறைந்தன. தஞ்சோங் பகார் பக்கம் கப்பல்கள் பலகைத்துறையோடு அணைந்து நின்றன. பாய்த்துணிக்குப் பதில் நிலக்கரி கேட்டார்கள். 1880 மார்ச் 27-ஆம் தேதி வாம்போ சிங்கப்பூரில் காலமானார். அவர் உடலைக் கப்பலில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய், வாம்போ துறைக்கு எதிரேயுள்ள தீவில் அடக்கம் செய்தார்கள்.

நம் வாலிபரின் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் வேலையை விடவில்லை. ஜூரோங் பக்கத்தில் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில், சனி ஞாயிறுகளில் மட்டும் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எந்தக் கயிறு எந்தப் படகுக்குப் போகிறது, யார் ரொக்கம் கொடுக்கிறார், யார் கடன் சொல்கிறார் என்பதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறார். சென்ற வெள்ளியன்று அந்த நோட்டை என்னிடம் காட்டினார். நான்கு பக்கம் நிரம்பியிருந்தது.