நிலத்தை அளந்த மன்றோ

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து நிலப்பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், ஒரே வயலுக்கு இரண்டு எண்கள் இருக்கக் காணலாம். ஒன்று பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடாஸ்தர் எண். மற்றது அவர்கள் ஆட்சி நீங்கிய பின் நடந்த மறு அளவையில் வந்த ரீ சர்வே எண். பரப்பு எக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பெரியவர்களோ குழி, காணி என்றுதான் பேசுவார்கள். நூறு குழி கொண்டது ஒரு காணி. அது ஏறத்தாழ 53½ ஆர். இவ்வளவு கணக்கும் எதற்காக? வரிக்காகத்தான். ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளந்து, எண் இட்டு, உழுபவன் பெயரிலேயே வரியை எழுதும் முறையைச் சென்னை மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர் சர் தாமஸ் மன்றோ. தாம் போட்ட வரி மிகுதி என்று தாமே எழுதி, அதைக் குறைக்கப் போராடியவரும் அவரே. அதனாலேயே அவர் வாழ்க்கையை இங்கு எழுதத் துணிந்தேன்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிட வேண்டும். 1778இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்த மன்றோ வேறு. அவர் ஹெக்டர் மன்றோ. நம் மன்றோ அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார்.

தாமஸ் மன்றோ 1761 மே 27இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். சிறு வயதில் தட்டம்மை கண்டதால் மன்றோவுக்குக் காது சற்று மந்தமாயிற்று. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் விரும்பிக் கற்றவை கணிதமும் வேதியியலும் என்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்க விடுதலைப் போரில் தந்தையின் வாணிகம் நொடித்துப் போகவே, மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். வயது 18.

அவ்வாண்டே ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் பாய்ந்தது. அப்போரில் தொடங்கி, 1783இல் கடலூரில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்த சண்டை வரை மன்றோ களத்தில் இருந்தார். தென்பெண்ணையின் வடகரையில் பாகூர், தென்கரையில் கடலூர் என்பதை நினைத்தால், நம் ஊர் வரப்புகளுக்கு அவர் எவ்வளவு அருகில் வந்து போயிருக்கிறார் என்பது விளங்கும்.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அவற்றை ஆளக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருடைய உதவியாளருள் ஒருவராக மன்றோ தருமபுரியில் தங்கினார். அங்கே ஏழாண்டுகள். ஒரு வீடு, ஒரு தோட்டம், மற்ற நேரமெல்லாம் ஊர் ஊராகக் குதிரைப் பயணம். நிலவரி என்பது காகிதத்தில் கற்கும் கல்வி அன்று, வரப்பில் நின்று கற்பது என்பதை அவர் அங்கேதான் அறிந்தார். நஞ்சை, புஞ்சை, தோட்டம் எனப் பிரித்து, வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேரே வரிப் பேச்சு நடந்தது. பிற்காலத்தில் ரயத்துவாரி என்று பெயர் பெற்றது இதுவே. தொடங்கியவர் ரீட் என்பதையும் மறைக்கலாகாது. பெயர் மன்றோவுக்கு நின்றுவிட்டது.

அதே காலத்தில், 1793இல், வங்காளத்தில் காரன்வாலிஸ் ஜமீன்தாரி முறையை நிலையாக்கினார். அங்கே நிலத்துக்கு உரியவர் ஜமீன்தார். உழுபவன் அவருக்குக் கட்டுபவன். இவ்விரு முறைகளில் எது வெல்லும் என்ற வழக்கு அடுத்த கால் நூற்றாண்டு நடந்தது.

1800இல் நிஜாம் தம் படைச்செலவுக்கு ஈடாகக் கம்பெனிக்குக் கொடுத்த பல்லாரி, கடப்பை முதலிய சீமைகளுக்கு மன்றோ கலெக்டரானார். பஞ்சமும் கொள்ளையும் அலைத்த நாடு. எண்பது பாளையக்காரர் வரையில் அவரவர் கோட்டையில் அரசர்போல் இருந்தனர். அவர்களை அடக்குவதில் மன்றோ கடுமை காட்டினார், அக்கடுமையைப் புகழ்வதற்கில்லை. ஆனால் கூடாரத்தையே வீடாக்கி, காவல் படை இன்றி ஊர்தோறும் சென்று, 1802 முதல் அவர் நடத்திய நில அளவை வியக்கத்தக்கது. சங்கிலியின் நீளம் 33 அடி. அதன் சதுரம் ஒரு குண்டை, அதாவது 1,089 சதுர அடி. நாற்பது குண்டை ஓர் ஏக்கர். பெருக்கினால் 43,560 சதுர அடி சரியாக வருகிறது. கூட்டவும் சரிபார்க்கவும் கிராமக் கர்ணத்தாலேயே முடிய வேண்டும் என்றுதான் இவ்வளவு எளிய கணக்கு வகுத்தார் போலும்.

அளக்கப் புகுந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. வரியில்லா நிலங்கள் எங்கும் கிடந்தன. கோயிலுக்கு, மடத்துக்கு, ஊர்ப் பணியாளருக்கு, ஏரி வெட்டிக் காப்பவருக்கு என்று இனாமாக விடப்பட்டவை அவை. இது நமக்கும் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் வரி நீக்கி அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. உழவர் செலுத்திய வரியில் மாணவர் படித்தனர்! மன்றோவின் சீமையில் மந்திராலயத்தில் ராகவேந்திரர் மடத்து நிலம் இருந்தது. அதன் வரிவிலக்கை ஆராயப் போன மன்றோவுக்கு, சமாதியடைந்து நூறாண்டுக்கு மேலான அத்துறவியே காட்சி தந்து பேசினார் என்றும், உடனிருந்தவர் எவர் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை என்றும், விலக்கு தொடர்ந்தது என்றும் இன்றும் கூறுகின்றனர். அறிவியல் மாணவன் இதை எப்படி ஏற்பது என்று கேட்கலாம். நான் இதில் காண்பது வேறு. வரி போட வந்த ஓர் அன்னியனைப் பற்றி மக்கள் இப்படி ஒரு கதை சொன்னார்களே, அது எளிதில் நடப்பதன்று.

இனி நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். அளவை முடிந்து போட்ட வரி விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு. நூறு படி நெல் விளைந்தால் நாற்பத்தைந்து படி அரசுக்கு. மீதத்தில் விதை, மாடு, கூலி, வயிறு எல்லாம். அவ்வரியைப் போட்டவரே மன்றோ. கம்பெனியும் மகிழ்ந்தது. ஆயினும் 1807இல் ஊர் திரும்புமுன் எழுதிய அறிக்கையில், இதைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்றார். அப்படிக் குறைத்தால் 33¾ விழுக்காடு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிணற்றாலும், குடியானவரே பேணும் சிறு குளங்களாலும் பாயும் நிலத்துக்கு மேலும் 8 விழுக்காடு தள்ளுபடி கேட்டார். அவர் சொன்ன காரணம் எளியது. வரி அரைப் பங்கை நெருங்கினால் நிலத்தை வாங்க ஆள் இருக்காது. விற்க முடியாத நிலம் சொத்தாகாது. சொத்தில்லாதவன் கிணறு வெட்ட மாட்டான்.

சென்னை அரசு கேட்கவில்லை. 1808இல் கிராமங்களை மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டது, பின் பத்தாண்டுக் குத்தகைக்கு. உயர்ந்த வரி அப்படியே நிற்க, குத்தகைக்காரர் பலர் கெட்டழிந்தனர். இங்கிலாந்தில் இருந்த மன்றோ 1813இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1814இல் மணம் புரிந்து, நீதித்துறைச் சீர்திருத்தப் பணிக்காகச் சென்னை திரும்பினார். மீண்டும் ரயத்துவாரியே நடக்கட்டும் என்று லண்டனிலிருந்து உத்தரவும் வந்தது. 1820இல் அவரே சென்னையின் கவர்னரானார். அப்போதுதான் கால் பங்கு குறைப்பு அச்சீமைகளுக்குக் கிடைத்தது. தாம் எழுதியதைத் தாமே நிறைவேற்றப் பதின்மூன்று ஆண்டுகள்!

மற்ற மாவட்டங்களில் முறை பரவிய அளவுக்கு அந்த இரக்கம் பரவவில்லை என்பதே என் கருத்து. வரி வாங்கக் கிட்டி போடுவதும், அண்ணாந்தாள் பூட்டி வெயிலில் நிறுத்துவதும் நடந்ததை 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. மன்றோவின் முறை இதைத் தடுக்கவில்லை. கீழ் அலுவலர் கையில் ஒவ்வொரு குடியானவனையும் தனியாக நிறுத்தியது அம்முறைதானே என்று வாதிடுவாரும் உளர். அதற்கு ஓராண்டு முன், 1854 ஜனவரி 16இல், நம் புதுச்சேரிக்குப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணை ஒன்று வந்தது. நிலத்தை வைத்திருந்து வரி செலுத்துபவரே அதன் உரிமையாளர் என்று அது அறிவித்தது. வில்லியனூரிலிருந்து ஓர் ஊர் தாண்டினால் ஆங்கிலச் சீமை, மற்றோர் ஊர் தாண்டினால் மறுபடி பிரெஞ்சுச் சீமை என்று கிடந்த நாட்டில், வரப்புக்கு இப்பக்கமும் அப்பக்கமும் உழவனின் நிலை வேறு வேறாக எழுதப்பட்டது.

கவர்னர் மன்றோ 1822இல் மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிந்தது. இந்தியருக்கு உயர் பதவிகள் தரவேண்டும் என்று 1824இன் நீண்ட குறிப்பில் எழுதினார். பதவி விலகிப் போக விரும்பியும் பர்மியப் போரால் நிற்க நேர்ந்தது. 1826இல் மனைவி நோயுற்ற குழந்தையோடு கப்பலேறினார்.

அடுத்த ஆண்டு தாமும் புறப்படும் முன், தாம் கலெக்டராக இருந்த சீமையை ஒருமுறை பார்த்துவர மன்றோ கிளம்பினார். வழியில் காலரா. 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் உயிர் பிரிந்தது. குத்தியில் அடக்கம் செய்து, 1831இல் சென்னைக் கோட்டை மாதா கோயிலுக்கு மாற்றினர். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் சிலை 1839 முதல் நிற்கிறது. திருப்பதியில் அவர் பெயரால் ஒரு கங்காளத்தில் பொங்கல் படைக்கப்படுகிறது. பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு தோப்பு வைத்து, ஒரு கிணறும் வெட்டினார்கள்.