கூட்டங்களுக்கு ஒழுங்கு தந்த பொறியாளர்

முப்பது பேர் கூடி ஒரு மணி நேரம் பயனின்றிப் பேசிக் கலைந்தால், வீணாவது முப்பது மணி நேரம். இந்த இழப்பைக் கண்டு மனம் வருந்தி, அதற்கு மருந்து தேடுவதில் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட்.

இவர் 1837ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு பாப்டிஸ்ட் சபைப் போதகர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று 1857இல் தேறிய ராபர்ட், இராணுவப் பொறியாளர் ஆனார். துறைமுகங்களும் ஆறுகளும் கோட்டைகளுமே அவருடைய பணிக்களம்.

1863ஆம் ஆண்டு நியூ பெட்ஃபோர்டு நகரில் பணியாற்றிய போது, ஒரு கூட்டத்திற்குத் தலைமை தாங்குமாறு திடீரென அவரை அழைத்தனர். வயதோ இளவயது. கூட்டம் நடத்தும் முறை தெரியாது, மறுக்கவும் மனமில்லை. துணிந்து தலைமை ஏற்றார். கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. வெட்கமுற்ற அவர், முறையைக் கற்காமல் இனி எந்தக் கூட்டத்திற்கும் செல்வதில்லை என்று உறுதி பூண்டார். அன்று முதல் கிடைத்த நூல்களை எல்லாம் தேடிப் படித்தார். முக்கியமான சில விதிகளைத் தாளில் குறித்து எப்போதும் தம்முடனேயே வைத்துக் கொண்டார்.

1867இல் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது ஓர் உண்மை புலப்பட்டது. அங்கே பல மாநிலத்தார் குடியேறியிருந்தனர். ஒவ்வொருவரும் தம் ஊர் வழக்கமே சரியென்று வாதிட்டதால், பேச வந்த பொருளை விட்டுப் பேசும் முறை பற்றியே சண்டை எழுந்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொருந்தும் ஒரு பொது விதிநூல் தேவை என்பதை ராபர்ட் உணர்ந்தார்.

ஆனால் எழுத ஓய்வு ஏது? 1874ஆம் ஆண்டுக் கடுங்குளிர் அதற்கு வழி செய்தது. மிச்சிகன் ஏரிப் பகுதியில் பொறியியல் வேலைகள் நின்றுபோயின. பிறர் கணப்படுப்பின் முன் சோம்பிக் கழிக்கும் மாதங்களில் ராபர்ட் எழுதினார். வெளியிடப் பதிப்பகத்தார் முன்வராததால், தம் செலவிலேயே 4,000 படிகள் அச்சிட்டார். 1876 பிப்ரவரியில் வெளிவந்த அந்நூல் சில மாதங்களிலேயே விற்றுத் தீர்ந்தது.

அவர் வகுத்த நெறி எளியது. ஒரு நேரத்தில் ஒரு பொருளே பேசப்பட வேண்டும். ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிந்த பிறகே விவாதம். ஒரு முறைக்குப் பத்து நிமிடம். ஒரு பொருள் பற்றி ஒருவர் இரு முறைக்கு மேல் பேசலாகாது. முதன்முறை பேச விரும்புவோர் இருக்கையில், முன்பே பேசியவர் காத்திருக்க வேண்டும். விவாதத்தை நிறுத்தப் பாதிப்பேர் போதாது, மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். பெரும்பான்மை முடிவெடுக்கலாம், ஆனால் சிறுபான்மையின் வாயை அடைக்கலாகாது என்பதே இதன் உட்கருத்து. அதே சமயம், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறிய நிர்வாகக் குழுக்களுக்கு இத்தனைச் சடங்கு வேண்டாம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அங்கே தலைவரும் விவாதத்தில் கலந்துகொள்ளலாம், வழிமொழிதலும் தேவையில்லை.

குழுவாக இயங்கும் திறனை அவர் செயலிலும் காட்டினார். 1900 செப்டம்பரில் வீசிய பெரும்புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் பலி கொண்டது. நகரைக் காக்க வழிகாண அமைந்த மூவர் குழுவில் ராபர்ட்டும் ஒருவர். 1901இன் இறுதியில் பணி தொடங்கிய குழு, 1902 ஜனவரியிலேயே அறிக்கை தந்தது. கடற்சுவர் எழுப்புக, நகரின் தரைமட்டத்தை உயர்த்துக என்றது அது. 1915இல் மீண்டும் பெரும்புயல் தாக்கியபோது அச்சுவர் நகரைக் காத்து நின்றது.

அதே 1915இல், மூன்றாண்டு உழைத்துத் தம் நூலைப் பெரிதும் திருத்தி வெளியிட்டார். எண்பது வயதைக் கடந்த பின்னும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1923 மே 11இல் மறைந்தார். அவருடைய நூலின் பன்னிரண்டாம் பதிப்பு 2020இல் வெளிவந்துள்ளது.

மாணவ நண்பர்களே! நம் மன்றங்களிலும் பேரவையிலும் உரத்த குரலே வெல்லும்போது, மென்குரலில் சொல்லப்படும் நல்ல கருத்து புதைந்து போகிறது. குறித்த நேரத்தில் தொடங்குவதும், நிகழ்ச்சி நிரலை மீறாதிருப்பதும், பிறர் பேசி முடிக்கக் காத்திருப்பதும் வெறும் சடங்குகளல்ல. அவை பிறருடைய காலத்திற்கும் கருத்திற்கும் நாம் செலுத்தும் மரியாதை. ராபர்ட்டின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.