ஜான் பிரவுனின் பண்ணை வீடு

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், அடிரான்டாக் மலைகளுக்கு நடுவே நார்த் எல்பா என்னும் சிற்றூர் இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்து ஆயுதமேந்தித் தூக்குமேடை ஏறிய ஜான் பிரவுனின் வீடும் கல்லறையும் அங்கேதான் உள்ளன. வரலாறு பயிற்றுவிப்பவன் என்ற முறையில் அவற்றைக் காணும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. அண்மையில் அது கைகூடிற்று.

வீடு மிகச் சிறியது. வண்ணம் பூசாத மரப்பலகைச் சுவர்கள். மேலே தாழ்ந்த கூரை. இருபது பிள்ளைகளுக்குத் தந்தையானவரின் வீடா இது என்று வியந்தேன். பிரவுன் 1800ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். தோல் பதனிட்டார், ஆடு வளர்த்தார், கம்பளி வாணிகம் செய்தார். எதிலும் பொருள் சேரவில்லை. 1842இல் நொடித்தே போனார்.

அத்தகையவர் இந்தக் குளிர்காட்டுக்கு வந்த காரணம் அறியத்தக்கது. அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பினத்தவர் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அத்தடை இல்லை. இந்த அநீதிக்கு மாற்றாகக் கெரிட் ஸ்மித் என்ற செல்வர் 1846 முதல் தம் நிலத்தில் 1,20,000 ஏக்கரை 3,000 கறுப்பினத்தவருக்குப் பங்கிட்டளிக்க முன்வந்தார். ஆளுக்கு நாற்பது ஏக்கர். ஆனால் காடு வெட்டிக் கழனியாக்கும் பழக்கம் பலருக்கு இல்லை. கோடையோ மிகக் குறுகியது. அவர்களுக்குத் துணையாக இருக்கவே பிரவுன் 1849இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். நில எல்லைகளை அளந்து காட்டினார். அந்த ஆண்டில் வழிதவறி அவர் வீட்டை அடைந்த வழக்கறிஞர் ஒருவர், வீட்டார் கறுப்பின மக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதையும், அவர்களை மரியாதை அடைமொழியோடு விளித்ததையும் கண்டு பிற்காலத்தில் எழுதி வைத்தார். அடிமை முறையை வெறுத்த வெள்ளையர் அன்று பலர் இருந்தனர். சமமாக உட்கார வைத்துச் சோறிட்டவர் மிகச் சிலர். என் நோக்கில் பிரவுனின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

அவருடைய மற்றொரு முகத்தையும் மறைத்தல் ஆகாது. 1856இல் கன்சாஸில், அடிமை முறையை ஆதரித்த ஐவரை நள்ளிரவில் வீட்டிலிருந்து வெளியே இழுத்து அவருடைய ஆட்கள் வெட்டிக் கொன்றனர். 1859 அக்டோபர் 16 இரவு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற 21 பேருடன் புறப்பட்டார். அங்கே முதலில் உயிரிழந்தவர் அடிமையல்லாத ஒரு கறுப்பினத் தொழிலாளி! எதிர்பார்த்த கிளர்ச்சி எழவில்லை. இரு நாளில் பிடிபட்டார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது 1861இல். அவர் செயலே அதை விரைவுபடுத்திற்று என்பார் உளர். நானும் அவ்வாறே கருதுகிறேன். எனினும் அந்த ஐவரின் கொலையை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை.

கல்லறை வீட்டின் அருகிலேயே உள்ளது. விடுதலைப் போர்க்காலத்தில், 1776இல், மாண்ட பாட்டனாரின் நினைவுக்கல்லைப் பிரவுன் கனெக்டிகட்டிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். பாட்டனாருக்கும் ஜான் பிரவுன் என்றே பெயர். கன்சாஸில் கொல்லப்பட்ட மகன் பிரெடரிக்கின் பெயரை அதிலேயே பொறிக்கச் செய்தார். பிறகு அவர் பெயரும், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் மாண்ட மக்கள் வாட்சன், ஆலிவர் பெயர்களும் அதே கல்லில் ஏறின. வந்தவர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்துச் சென்றமையால் இன்று அது கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்தியும் சில வேளை உளியாகிவிடுகிறது!

அவ்வுடலை மனைவி மேரி டிசம்பர்க் குளிரில் இரயிலிலும் படகிலும் வண்டியிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். எட்டாம் நாள் நடந்த அடக்கத்தில் பாடியது எப்ஸ் என்ற கறுப்பின அண்டை வீட்டுக் குடும்பம். வாட்சனின் உடல் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1882இல்தான் தந்தையருகே வந்தது. ஆலிவரும் தோழர் பலரும் 1899இல் வந்து சேர்ந்தனர். மேரி மட்டும் இங்கே இல்லை. எஞ்சிய பிள்ளைகளோடு கலிபோர்னியா சென்ற அவர், 1884இல் அங்கேயே மறைந்து அந்த மண்ணிலேயே அடங்கினார்.