தந்தியின் குரலைக் காத்த தச்சர் மகன்

காலால் மிதிக்கிறார்கள், சுரம் மாறுகிறது. ஆனால், தந்தியின் இனிமை கொஞ்சமும் குறையவில்லை!

"ஹார்ப்" என்ற மேல்நாட்டு வாத்தியத்துக்கு இந்தச் சிறப்பைத் தேடித் தந்தவர், செபாஸ்டியன் எரார்.

இவர் 1752-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், பிரான்சு நாட்டில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க். தகப்பனார் நாற்காலி, மேஜை செய்யும் தொழிலாளி.

எராருக்கு 16 வயது ஆனபோது, பிழைப்புத் தேடி பாரிஸ் நகருக்குப் போனார். வாத்தியம் செய்யும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இது ஏன், அது ஏன் என்று ஓயாமல் கேள்வி கேட்டாராம். அது பிடிக்காமல், முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கினார் என்று சொல்வார்கள்.

எரார் சோர்ந்துவிடவில்லை. அவருடைய திறமையை அறிந்த வில்லெரா சீமாட்டி, தன் மாளிகையிலேயே பட்டறை வைத்துக் கொடுத்தார். அங்கே 1777-ல் எரார் ஒரு பியானோ செய்தார். அவர் பெயர் பரவியது.

மன்னர் கொடுத்த அனுமதி

அந்தக் காலத்துப் பாரிசில், தொழிலாளர் குழுவில் சேராதவர்கள் வாத்தியம் செய்து விற்கக் கூடாது. போட்டிக்காரர்கள் எரார் மீது புகார் செய்தார்கள். 1785-ல் மன்னர் 16-ம் லூயி, அவருக்குத் தனி அனுமதி கொடுத்தார். தொழில் தப்பியது.

கொக்கியால் வந்த குறை

ஹார்ப், நமது பழைய யாழைப் போல் விரலால் மீட்டும் வாத்தியம். ஆள் உயரம் இருக்கும். ஒரு தந்திக்கு ஒரு சுரம்தான். அதை அரை சுரம் உயர்த்த வேண்டுமானால், தந்தி அதிரும் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

இதற்காகக் காலடியில் மிதிகட்டைகளை வைத்திருந்தார்கள். கட்டையை மிதித்தால், மேலே இருக்கும் கொக்கி தந்தியைப் பிடித்து இழுக்கும்.

சுரம் உயரும். ஆனால், தந்தி தன் வரிசையை விட்டு விலகிவிடும். விரல் தேடும் இடத்தில் தந்தி இராது. நாதம் மங்கும். அடிக்கடி தந்தியே அறுந்துபோகும்!

கொக்கியையே எடுத்துவிட்டார், எரார். அதற்குப் பதிலாக ஒரு சிறிய வட்டத் தகட்டைப் பொருத்தினார். அதில் இரண்டு முளைகள். அவற்றின் நடுவே தந்தி செல்லும். கட்டையை மிதித்ததும் தகடு திரும்பும். முளைகள் இரண்டும் இருபுறமும் தந்தியை இறுகப் பிடிக்கும். தந்தி வரிசை விலகாது. நாதம் தெளிவாகக் கேட்கும்.

லண்டனில் புது வாழ்வு

இதற்குள் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அரண்மனைக்கு வேண்டியவர்களுக்கு ஆபத்து! 1792-ல் எரார் லண்டனுக்குப் போய்விட்டார். மறு ஆண்டில் மன்னரும், ராணி மேரி அன்டாய்னெட்டும் கொல்லப்பட்டார்கள்.

லண்டனில் எரார் மீண்டும் பட்டறை வைத்தார். 1794-ல் தமது ஹார்ப்புக்கு அங்கே காப்புரிமை பெற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1810-ல், தமது 58-வது வயதில், ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு தகடுகளை அமைத்தார். கட்டையை ஒரு படி மிதித்தால் மேல்தகடு பிடிக்கும். இன்னொரு படி மிதித்தால் கீழ்த்தகடும் பிடிக்கும். ஆகவே, ஒரே தந்தியில் மூன்று சுரங்கள்! ஏழு மிதிகட்டைகளைக் கொண்டு எந்தச் சுருதியிலும் வாசிக்க முடிந்தது.

பியானோவையும் அவர் விடவில்லை. கட்டை முழுவதும் மேலே வருமுன்பே, அதே சுரத்தை மறுபடி தட்டும்படி ஒரு பொறியை அமைத்தார். 1821-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, தமது 79-வது வயதில் எரார் காலமானார்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் மிதிகட்டை வைத்த ஸ்டீல் கிதார் வந்தது. அதில் மிதித்தால், கம்பி இறுகிச் சுரம் உயரும். புதுப் பொறி வைத்தால் நாதம் கெடுமோ என்று அதை வாசிப்பவர்களும் கவலைப்படுவது உண்டு. எராரின் கவலையும் அதுதான்.

இன்றும் பெரிய இசை அரங்குகளில் ஒலிக்கும் ஹார்ப்பில் ஏழு மிதிகட்டைகளும், இரு முளைத் தகடுகளும் இருக்கின்றன. பொறி வேலை செய்கிறது. கேட்பவர் காதில் விழுவதோ தந்தியின் குரல் மட்டுமே!