கருவின் இரகசியம் கண்டவர்

மழை ஓய்ந்த மறுநாள் வாலாஜாபாத்தை அடுத்த குளங்களிலும் உத்திரமேரூர் ஏரிக்கரையிலும் தவளை முட்டைகள் கூழ்போல் மிதப்பதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். கடுகளவுள்ள அம்முட்டை சின்னாட்களில் கண்ணும் வாலும் பெற்ற தலைப்பிரட்டையாகிறது. அதன் ஒரு பகுதி கண்ணாகவும் மற்றொரு பகுதி மூளையாகவும் மாறுவது எதனால்? இவ்வினாவிற்கு விடைகாணத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஹான்ஸ் ஸ்பேமான் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி ஆவார்.

ஸ்பேமான் 1869-ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தார். தந்தையார் நூல் வெளியீட்டாளர். இளமையில் அத்தொழிலில் சிறிது காலம் பழகிய ஸ்பேமான், 1891-இல் ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். பின்னர் அவர் உள்ளம் உயிரியலில் தோய்ந்தது. 1896-இல் காசநோய் அவரைப் பற்றியது. ஓய்வுக் காலத்தில் அவர் வைஸ்மானின் நூலைக் கற்றார். கரு பிரியும்போது மரபுப் பண்புகளும் பங்கிடப்படுகின்றன என்பது வைஸ்மானின் கொள்கை. அதனைச் சோதிக்க விழைந்த ஸ்பேமான், பச்சிளங் குழந்தையின் மெல்லிய தலைமயிரால் நியூட் என்னும் வாலுடைய நீர்நிலப் பிராணியின் முட்டையை நடுவே இறுக்கினார். சில முட்டைகளின் இரு பாதிகளும் இரண்டு முழு உயிர்களாயின!

1901-இல் அவர் தவளைக் கருவில் விழிக்கிண்ணம் தோன்றும் இடத்தைச் சூடேற்றிய ஊசியால் அழித்தார். அதன்மேலிருந்த தோலில் விழிவில்லை உண்டாகவில்லை. எனவே, விழிக்கிண்ணமே தோலைத் தூண்டி வில்லையை ஆக்குகிறது என முடிவு செய்தார். பின்னர் வேறோர் இனத் தவளையில் கிண்ணம் இன்றியே வில்லை தோன்றக் கண்டார். தம் முடிவு எல்லா இனத்திற்கும் பொருந்தாது என்பதை அவர் மறைத்தாரல்லர், தாமே வெளியிட்டார்.

பிரைபர்க் நகரில் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டு, வெளிர்நிற நியூட் கருவின் முதுகுப்புறத்து இதழிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக் கருநிறக் கருவின் விலாவில் பொருத்தினார். அங்கே இரண்டாவது நரம்புக் குழாய் எழுந்தது. வியப்பு யாதெனில், அதன் பெரும்பகுதி கருநிறக் கருவின் அணுக்களாலேயே ஆகியிருந்தது. ஒட்டிய துண்டு அண்டை அணுக்களை ஏவி உடலமைக்கச் செய்தது! இவ்வாராய்ச்சி 1924-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஹில்டே தீவிபத்தில் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 25. 1935-இல் நோபெல் பரிசு ஸ்பேமானுக்கு மட்டும் கிட்டியது. எனினும் அத்துண்டு இன்றும் இருவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்பேமான் 1941-இல் மறைந்தார்.

அந்த ஏவல் யாது என்பதை அவர் அறிந்திலர். 1992-இல் நாகின், 1994-இல் கார்டின் என்னும் மரபணுக்களை ஆப்பிரிக்கத் தவளைக் கருவில் அறிஞர் கண்டனர். அவை அம்முதுகுப்புறத்திலேயே செயற்படத் தொடங்குகின்றன; அவற்றால் உண்டாகும் புரதங்கள் அண்டை அணுக்களை நரம்பாக மாறவிடுகின்றன. பாக்ஸ்-6 என்னும் மரபணுவின் செய்தியைத் தவளைக் கருவில் செலுத்த, கண் தோன்றாத இடத்திலும் கண் தோன்றியதை 1999-இல் கண்டனர்.

மயிரிழையும் ஊசியும் கொண்டே ஸ்பேமான் இவ்வழியைத் திறந்தார். பொறுமையும், தம் முடிவையே மீண்டும் சோதிக்கும் நேர்மையும் அவருக்குத் துணைநின்றன. குளக்கரையில் தலைப்பிரட்டையைக் காணுந்தோறும் அவ்விரண்டையும் நாம் நினைவில் கொள்வோமாக.