விண்மீனின் தொலைவை அளந்தவர்

விண்மீன்களின் தொலைவு மனிதனுக்கு நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அதனை அளந்துவிட்டதாக அறிவித்தோர் சிலர் உண்டு; எனினும் அவர்தம் கணக்குகள் பிழையெனப் பின்னர்த் தெரியவந்தன. ஆகவே, அளப்பதோடு அளந்தது சரியே என மெய்ப்பிப்பதும் தேவையாயிற்று. அவ்விரண்டையும் செய்து காட்டியவர் ஃபிரெடரிக் பெசல்.

இவர் 1784ஆம் ஆண்டு ஜெர்மனியின் மின்டன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பை விடுத்து, பிரெமன் நகர வணிக நிறுவனமொன்றில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார். கடல்வணிகத்திற்கு உதவுமெனக் கப்பல் செலுத்தும் கலையைக் கற்கத் தொடங்கியவரை, அக்கல்வியே வானியலுக்கு அழைத்துச் சென்றது. ஹாலி வால்மீனின் பாதையை அவர் கணக்கிட்ட திறம் 1804இல் ஓல்பர்ஸ் என்னும் வானியலறிஞரின் பாராட்டைப் பெற்றது. பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர், 1810இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் அமையவிருந்த வானாய்வகத்தின் இயக்குநராக அமர்த்தப்பெற்றார்.

புவி ஞாயிற்றைச் சுற்றிவருவதால், அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள விண்மீன்களின் பின்னணியில் சற்றே இடம்மாறித் தோன்றும். அந்த இடமாறு தோற்றக் கோணம் தெரிந்தால் தொலைவைக் கணக்கிடலாம். பெசல் இதற்கென 61 சிக்னி என்னும் விண்மீனைத் தேர்ந்தார். வானில் விரைந்து நகரும் விண்மீன் நமக்கு அருகில் இருக்கக்கூடும் என அவர் கருதினார். முன்னர் அதே விண்மீனை அளக்க முயன்று தோற்றிருந்தும் அவர் மனந்தளரவில்லை.

61 சிக்னி ஓர் இரட்டை விண்மீன். இரண்டாகப் பிளந்த வில்லையுடைய ஹீலியோமீட்டர் கருவியைக் கொண்டு, மங்கலான ஒப்பீட்டு விண்மீனின் பிம்பத்தை அவ்விரட்டையின் நடுவே பெசல் நிறுத்தினார். நடுவிலிருந்து சிறிது விலகினும் கண் உணர்ந்துவிடுமாதலால் அளவு நுட்பமாயிற்று. ஒன்றை மட்டும் நம்பாது, இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களைக் கொண்டு ஓராண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அளந்தார்.

1838இல் அவர் வெளியிட்ட கோணம் ஏறத்தாழ 0.314 வில்வினாடி, தொலைவு 10.3 ஒளியாண்டு. இன்று அறியப்படும் தொலைவு 11.4 ஒளியாண்டு. முதல் வெற்றியிலேயே பிழை பத்தில் ஒரு பங்களவே இருந்தது! 1841இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. 1846இல் அவர் மறைந்தார்.

ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்கள் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. 2013இல் ஏவப்பட்ட கயா விண்கலம் அவற்றைத் தனித்தனியே அளந்தது. இரு விடைகளும் மிகுதியாக வேறுபடின் அளவீட்டில் பிழை உண்டென வானியலார் உணர்கின்றனர். தம் விடையைத் தாமே ஐயுற்று மீண்டும் அளந்த பெசலின் நேர்மை, இன்றும் அறிவியலுக்கு வழிகாட்டுகிறது.