கைவிளக்கும் கணக்கேடும்

செவிலியர் என்றதும் கனிவு, பொறுமை, தூய்மை ஆகிய பண்புகளே நம் நினைவில் எழுகின்றன. இப்பண்புகள் மட்டும் போதுமா? போதா, ஏன், எதனால் என்று ஆராயும் அறிவும் வேண்டும். இதனைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

செல்வமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 1820 மே 12ஆம் நாள் பிறந்தார். கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். செவிலியர் பணி இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. குடும்பத்தார் தடுத்தும் உறுதி தளராது, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். உணவும் உடையும் திரட்டினார். இரவில் விளக்கேந்தி நோயாளரைக் கண்டுவந்தார். உலகம் போற்றியது. ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. அதன் பின்னரே சாவு வெகுவாகக் குறைந்தது.

பட்டினியும் களைப்புமே வீரர்களைக் கொன்றன என்று அம்மையார் நம்பியிருந்தார். 1856இல் தாயகம் திரும்பியபின், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் கணக்குகளை ஆராய்ந்தார். மருத்துவமனையின் நெரிசலும் அசுத்தமுமே பெருங்காரணம் என்பது புலனாயிற்று. தாம் பணிபுரிந்த இடமே பலரைப் பலிகொண்டது என்பதை ஏற்பது எளிதா? புகழுக்குப் பின்னே அவர் ஒளிந்துகொள்ளவில்லை. உண்மையை ஏற்றார், 1858இல் அதனை வரைபடங்களாக்கி அரசின் முன் வைத்தார். புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அங்கே மாணவியரின் காலந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகியவை மாதந்தோறும் ஒரு தாளில் பதியப்பட்டன. நோயாளியின் நாடி, மூச்சு, பசி, உறக்கம் ஆகியவற்றை உற்றுநோக்கும் திறனும் அதே தாளில் மதிப்பிடப்பட்டது. பண்பும் அறிவும் இணையவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் பிறந்த நாளையே உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது.

மாணவ நண்பர்களே! அவர் கையிலிருந்த விளக்கை நாம் அறிவோம். மறு கையிலிருந்த கணக்கேட்டையும் மறவாதிருப்போம். நாம் எத்துறை பயின்றாலும், நம் நம்பிக்கையை நாமே சோதித்துப் பார்க்கும் துணிவைப் பெறுவோமாக!